அம்மாவின் காலுக்கு ஒரு நிலம்

பலகையைக் கிளப்பியதும் முதலில் வந்தது மணம். மாரியில் வைக்கோற்போரின் அடியில் கையை விட்டால் வருமே, அந்த மணம். சாப்பாட்டறையின் பின்சுவரோரம் முழங்காலில் இருந்த கட்டிடக்காரத் தம்பி, கையிலிருந்த திருப்புளியைத் தீராந்தி மரத்தின் நுனியில் குத்தினார். அது பிடி வரை இறங்கிப்போயிற்று.

"அக்கா, இதுக்குக் கீழ காத்தே போகேல்லை. எத்தினை வருசமாய் இப்பிடிக் கிடந்ததோ தெரியாது."

அன்றைக்கு அவரை நான் கூப்பிட்டது பழைய நிலத்தைப் பார்க்க அல்ல. வீட்டின் பின்பக்கத்தில் மூன்று மீற்றர் நீட்டி ஓர் எக்ஸ்ரென்ஷன் கட்டவேண்டும், அதன் நிலத்துக்குக் கீழே ஹீற்றிங் குழாய் போடவேண்டும், அதற்கு எவ்வளவு முடியும் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். என் மனதில் இருந்ததெல்லாம் குழாயும் ரைல்ஸின் நிறமும். அந்த மணம் வந்த பிறகுதான், நிலம் என்பது மேலிருந்து கீழே யோசிக்கிற காரியம் இல்லை என்று விளங்கத் தொடங்கியது. பிறகு ஏழு மாதம் அதையே யோசித்தேன். லண்டனில் வீட்டை நீட்ட நினைக்கிற நம்மவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது குழாயைப் பற்றித்தான். நான் சொல்லத் தொடங்குவது குழாய்க்குக் கீழே உள்ளவற்றைப் பற்றி.

எக்ஸ்ரென்ஷன் கட்ட நினைத்ததே அம்மாவுக்காக. யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தபோது அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஹரோவில் எங்கள் வீடு 1930களில் கட்டப்பட்டது. மெட்ரோபொலிற்றன் ரயில் பாதையை ஒட்டி வரிசை வரிசையாக எழுந்த வீடுகளில் ஒன்று, ஒருபக்கச் சுவரை அயல் வீட்டோடு பகிர்ந்துகொள்வது. முன்னறையும் சாப்பாட்டறையும் பலகை நிலம். குசினி மட்டும் கொங்கிறீற். முதல் தை மாதம் காலையில் தேத்தண்ணி போடக் குசினிக்குள் வந்த அம்மா, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பிள்ளை, இந்த நிலம் காலைக் கடிக்குது."

"செருப்பைப் போடுங்கோ அம்மா."

"வீட்டுக்குள்ள செருப்போ?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காலணியோடு வீட்டுக்குள் நடக்கிற வழக்கமுள்ளவர்களுக்கு நிலம் பார்ப்பதற்கானது. வெறுங்காலோடு நடக்கிற எங்களுக்கு அது தொடுவதற்கானது. அறையின் காற்று 20 பாகையில் இருக்கும், ரேடியேற்றர் கொதித்துக்கொண்டிருக்கும், ஆனால் மண்ணோடு ஒட்டிய அந்தக் கொங்கிறீற் 14, 15 பாகையில் கிடந்து, உள்ளங்காலிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஊரில் இதே இழுப்பைத்தான் நாங்கள் விரும்பினோம். சித்திரை வெயிலில் பின்னேரம் சீமெந்து நிலத்தைத் துடைத்துவிட்டு, தலையணையை மட்டும் போட்டுப் படுப்போம். முதுகுச் சூட்டை நிலம் வாங்கிக்கொள்ளும். கொங்கிறீற்றின் குணம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

என் அப்பா மேசன். நிலம் போடுகிற வேலையில் அவருக்குப் பெயர் உண்டு. அத்திவாரத்துக்குள் மணலைப் பரவி, தண்ணீர் ஊற்றி, திமிசுக்கட்டையால் இடித்து, மறுபடி மணல், மறுபடி தண்ணீர். அதன்மேல் சல்லிக்கல், கொங்கிறீற், கடைசியில் சிவப்புச் சாயம் கலந்த சீமெந்துப் பூச்சு. பளபளப்பைப் பார்த்துப் பாராட்டுகிறவர்களிடம் அவர் எதுவும் சொல்லமாட்டார். இடித்த மணலைப் பற்றிக் கேட்டால்தான் முகம் மலரும். ஹரோ வீட்டின் நிலத்தைப் பற்றி யோசித்த ஏழு மாதமும் அவர் என் பக்கத்தில் நின்றது போலத்தான் இருந்தது.

இப்போது அந்த மக்கிய மரத்துக்கு வருகிறேன். இந்த நாட்டுப் பழைய வீடுகளில் பலகை நிலம் மண்ணைத் தொடாது. குறுக்கே போட்ட தீராந்திகளின் மேல் பலகை அடித்திருக்கும். அதற்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் காற்று ஓடவேண்டும் என்பதற்காக முன்சுவரிலும் பின்சுவரிலும் துளைகள் உள்ள செங்கற்களைப் பதித்திருப்பார்கள். எயார் பிரிக் என்பார்கள். முன்னால் நுழைகிற காற்று மண்ணின் ஈரத்தை அள்ளிக்கொண்டு பின்னால் வெளியேறும். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த யாரோ, பின்பக்க முற்றத்தை உயர்த்திக் கல் பதித்தபோது அந்த எயார் பிரிக்குகளை மூடிவிட்டார்கள். சுவரில் ஈரம் மேலேறாமல் தடுக்கிற படைக்கு மண் மட்டம் குறைந்தது 150 மில்லிமீற்றர் கீழே இருக்கவேண்டும் என்ற விதியும் அதோடு போயிற்று. மூச்சு அடைபட்ட மரம் நுனியிலிருந்து மக்கத் தொடங்கியது.

எக்ஸ்ரென்ஷன் கட்டும்போது பலரும் செய்கிற தவறும் இதுவேதான். பலகை நிலமுள்ள வீட்டின் பின்னால் கெட்டியான கொங்கிறீற் தளத்தைப் போட்டால், பின்சுவர் எயார் பிரிக்குகள் அதற்குள் புதைந்துவிடும். புதிய அறை அழகாக இருக்கும். பழைய அறையின் அடியில் மரம் உக்கிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்கப் புதிய தளத்தின் அடியால் பிளாஸ்ரிக் குழாய்களைக் கொண்டுபோய், புதிய வெளிச்சுவரில் காற்றுக்கு வழி விடவேண்டும். எவ்வளவு வழி என்பதற்கும் கணக்கு உண்டு: வெளிச்சுவரின் ஒவ்வொரு மீற்றருக்கும் 1500 சதுர மில்லிமீற்றர் திறப்பு, அல்லது நிலத்தின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 500, இரண்டில் எது கூடுதலோ அது. வாங்கிப் பார்த்த மூன்று மதிப்பீடுகளில் ஒன்றில் மட்டும்தான் இந்தக் குழாய்கள் எழுதப்பட்டிருந்தன. அந்தத் தம்பிக்கே வேலையைக் கொடுத்தேன். அவருடைய விலை மூன்றிலும் குறைந்தது அல்ல.

ஒருபக்கச் சுவர் பகிர்ந்த வீடுகளுக்குப் பின்னால் மூன்று மீற்றர் வரை, மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, திட்டமிடல் அனுமதி கேட்காமலே கட்ட இங்கிலாந்தில் இடமுண்டு. ஆனால் கட்டிட விதிகளிலிருந்து விலக்கு இல்லை. அத்திவாரம், ஈரத்தடுப்பு, நிலம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பரிசோதகர் வந்து பார்த்த பிறகுதான் மூடலாம். எங்களிடம் வந்தவர் வயதான மனிதர். தோட்டத்தில் நின்று முதலில் அவர் பார்த்தது எங்கள் குழியை அல்ல, பின்வீட்டுக்காரரின் ஓக் மரத்தை.

ஹரோவின் மண் லண்டன் களிமண். மழைக்கு வீங்கும், வறட்சிக்குச் சுருங்கும். 1976இன் பெரிய வறட்சியில் தெற்கு இங்கிலாந்தில் ஏராளமான வீடுகளின் சுவர் வெடித்தது இதனால்தான். ஓக் மரம் களிமண்ணிலிருந்து நிறையத் தண்ணீர் குடிக்கும். மரம் குடிக்கும்போது மண் தாழும். மரத்தை வெட்டிவிட்டால் அல்லது மழை நிறையப் பெய்தால் மண் எழும்பும். அதன்மேல் நேரடியாகப் படுத்திருக்கிற கொங்கிறீற் தளத்தை அந்த எழும்பல் தூக்கிவிடும். ஆகவே பரிசோதகர் இரண்டு சொன்னார்: அத்திவாரம் கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் ஆழம் போகவேண்டும், நிலம் மண்ணைத் தொடக்கூடாது.

இந்த இடத்தில்தான் நிலத்தின் வகையைத் தெரிவுசெய்யவேண்டியிருந்தது. பொதுவாக மூன்று வழி உண்டு. முதலாவது, மண்ணின்மேல் 150 மில்லிமீற்றர் சல்லி இறுக்கி, மணல் பரவி, 1200 கேஜ் தடிப்புள்ள பொலித்தீனை விரித்து, அதன்மேல் கொங்கிறீற் ஊற்றுவது. அப்பாவின் முறைக்கு அண்ணன் முறை. மண் உறுதியாக இருந்தால் இதைவிட மலிவும் எளிமையும் வேறில்லை. ஆனால் அடியில் 600 மில்லிமீற்றருக்கு மேல் நிரப்பவேண்டிய சரிவான இடமென்றால் இதைச் செய்யக்கூடாது. நிரப்பு தாழும், தளம் வெடிக்கும். இரண்டாவது, பழைய வீட்டைப் போலவே மரத் தீராந்தியும் பலகையும். மூன்றாவது, பீம் அன்ட் பிளொக்: தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற் தீராந்திகளைச் சுவருக்குச் சுவர் போட்டு, நடுவில் கற்களை அடுக்கி, மேலே சீமெந்துக் கூழால் இடுக்குகளை அடைப்பது. அடியில் காற்றோடும் இடைவெளி இருக்கும். மண் எழும்பினாலும் அந்த இடைவெளிக்குள் எழும்பி நின்றுவிடும்.

பீம் அன்ட் பிளொக் என்றதும் செலவை நினைத்து முதலில் மனம் தயங்கியது. பிறகு தம்பி கடதாசியில் கீறிக் காட்டினார். புதிய அறையின் அடியில் இடைவெளி இருந்தால், பழைய சாப்பாட்டறையின் எயார் பிரிக்குகள் அந்த இடைவெளிக்குள்ளேயே திறக்கும். காற்று பழைய நிலத்தின் அடியால் வந்து, புதிய நிலத்தின் அடியால் போய், புதிய சுவரால் வெளியேறும். தனியாகக் குழாய் பதிக்கத் தேவையில்லை. ஓக் மரத்துக்குச் சொன்ன மருந்து மக்கிய மரத்தையும் சுகப்படுத்தியது. அந்தக் கடதாசியை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதே கடதாசியின் மறுபக்கத்தில் மட்டக் கணக்கு. எக்ஸ்ரென்ஷனில் எல்லாரும் பிழைவிடுகிற இடம் இதுவென்று தம்பி சொன்னார். பழைய அறையிலிருந்து புதிய அறைக்குப் போகும்போது படியோ தடக்குதலோ இருக்கக்கூடாது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் ஒரு சென்ரிமீற்றர் உயரமும் விழுத்திவிடும். ஆகவே பழைய நிலத்தின் மேல்மட்டத்தை முதலில் குறித்து, அங்கிருந்து கீழ்நோக்கிக் கழிக்கவேண்டும். ரைல்ஸும் பசையும் 15 மில்லிமீற்றர். குழாய்களைப் புதைக்கிற சீமெந்துப் படை, ஸ்கிரீட், 65. வெப்பத்தடுப்புப் பலகை 150. கொங்கிறீற் தீராந்தி 150. களிமண்ணுக்கு விடுகிற இடைவெளி 300. மொத்தம் 680. எங்கள் பழைய நிலம் தோட்டத்தைவிட இரண்டு படி உயரத்தில் இருந்ததால் பாதி ஆழம்தான் தோண்டவேண்டியிருந்தது. இந்தக் கணக்கைப் போடாமல் தளத்தைக் கட்டிவிட்டு, பிறகு ஹீற்றிங் வேண்டும் என்று நினைத்தவர்கள் எதைக் குறைப்பார்கள்? வெப்பத்தடுப்பைத்தான். வேறு எதையும் குறைக்க இயலாது. அதனால்தான் சொல்கிறேன்: ஹீற்றிங்கைப் பற்றிய முடிவை அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னால் எடுங்கள்.

வெப்பத்தடுப்புக்கு வருவோம். இங்கே என் மனம் நிறைய நேரம் நின்றது. ஒரு நிலம் எவ்வளவு சூட்டைக் கீழே விடுகிறது என்பதை யூ மதிப்பு என்ற எண்ணால் அளக்கிறார்கள். சிறிய எண் நல்லது. 2022 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் பழைய வீட்டோடு சேர்க்கிற புதிய நிலத்துக்கு 0.18க்கு மேல் போகக்கூடாது. அதற்கு முன் 0.22 வரை விட்டார்கள். பி.ஐ.ஆர். என்ற, இருபக்கமும் வெள்ளித்தாள் ஒட்டிய கெட்டி நுரைப்பலகை என்றால், எங்கள் அறைக்கு 100 மில்லிமீற்றரை ஒட்டியே கணக்குச் சரிவந்தது. வெள்ளை ரெஜிபோம் பலகை என்றால் ஒன்றரை மடங்குக்கு மேல் தடிப்பு வேண்டும். விலை குறைவு, இடம் கூடுதல்.

100 போதும் என்றால் ஏன் 150 போட்டேன்? அந்தக் கணக்கு, அறை 20 பாகையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. குழாய் ஓடுகிற நிலத்தில் ஸ்கிரீட்டின் நடுப்பகுதி 30 பாகை வரை போகும். பனிக்காலத்தில் அடி இடைவெளி எட்டுப் பாகையில் இருந்தால், சாதாரண நிலத்துக்கும் அதற்கும் வித்தியாசம் 12. ஹீற்றிங் போட்ட நிலத்துக்கு 22. கீழே போகிற சூடும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விதி பாஸ் போட்டாலும், எரிவாயுப் பில் பாஸ் போடாது. மேலே இருக்கிற எதையும் பிறகு மாற்றலாம், ரைல்ஸைக்கூட உடைத்து மாற்றலாம். பலகையை மாற்ற முழு நிலத்தையும் கிளறவேண்டும். ஆகவே குசினி அலுமாரிகளில் மலிவானதை எடுத்துக்கொண்டு, பலகையின் தடிப்பைக் கூட்டினேன். சுவரோரம் முழுக்க 25 மில்லிமீற்றர் பலகையை நிமிர்த்தி வைக்கவும் சொன்னேன். அது இல்லாவிட்டால் சூடு பக்கவாட்டில் சுவருக்குள் ஒழுகிவிடும்.

பழைய குசினியின் கொங்கிறீற் நிலத்தை என்ன செய்வது என்பதில் வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். மேலே இருபது மில்லிமீற்றர் தடிப்பில் ஒட்டுகிற மெல்லிய ஹீற்றிங் பலகைகளும் விற்கிறார்கள். உடைக்கவேண்டிய அவசியமில்லை என்பது என் கணவரின் கட்சி. ஆனால் அடியில் தடுப்பே இல்லாத கொங்கிறீற்றின்மேல் சூட்டை வைப்பது, அடி ஓட்டையான வாளிக்குத் தண்ணீர் இறைப்பது. உடைத்தோம். பழைய சுவர்களின் அத்திவாரம் ஆழமில்லாததால் சுவரோரத்தில் முதலில் சிறு குழி தோண்டி, அத்திவாரத்தின் அடிக்குக் கீழே போகாதபடி ஆழத்தைத் தீர்மானித்தார் தம்பி. அங்கே 100 மில்லிமீற்றர் பலகைக்குத்தான் இடம் கிடைத்தது.

குழாய் ஹீற்றிங்கா, மின்கம்பி ஹீற்றிங்கா என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. மின்கம்பிப் பாய் சில மில்லிமீற்றர் தடிப்புத்தான், போடுவது எளிது. மூன்று சதுர மீற்றர் குளியலறைக்கு நல்லது. ஆனால் இந்த நாட்டில் மின்சாரத்தின் ஓர் அலகு, எரிவாயுவின் ஓர் அலகைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. நாள்முழுக்கச் சூடாக இருக்கவேண்டிய பெரிய அறைக்கு அது பொருந்தாது.

குழாய் என்றால், 16 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குழாய் இடியப்பம் பிழிந்தது போல வளைந்து வளைந்து அறை முழுக்க ஓடும். ஒரு வளையம் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. போனால் தண்ணீர் கடைசி வரை சூட்டோடு போய்ச் சேராது. எங்கள் புதிய அறைக்கு 150 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு வளையங்கள். 200 இடைவெளியும் வழக்கம்தான், குழாய் மிச்சம். நான் நெருக்கமாகப் போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குழாய் நெருங்கினால் குறைந்த சூட்டுத் தண்ணீரே போதும். எங்களிடம் இப்போது இருப்பது எரிவாயு பொயிலர். அது ரேடியேற்றருக்கு 60 பாகைக்கு மேல் அனுப்பினாலும், மனிஃபோல்ட் என்ற பகிர்பெட்டியில் உள்ள கலப்பு வால்வு திரும்பிவருகிற தண்ணீரைக் கலந்து 40க்கு இறக்கிவிடும். நாளைக்கு ஹீற் பம்ப் வைத்தால், 35 பாகைத் தண்ணீரில்தான் அது மிகச் சிக்கனமாக ஓடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எரிவாயு பொயிலரைக் கழற்றி ஹீற் பம்ப் வைப்பவர்களுக்கு அரசு 7,500 பவுண் உதவி கொடுக்கிறது. பொயிலரை மாற்றலாம். புதைத்த குழாயின் இடைவெளியை மாற்ற முடியாது.

அலுமாரிகளுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் அடியில் குழாய் போகக்கூடாது. அதனால் குசினியில் எது எங்கே நிற்கும் என்று, சுவரே எழும்பாத நாளில் தீர்மானிக்கவேண்டியிருந்தது. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "அரிசி மூட்டை எங்கை வைப்பாய்? வெங்காயம்? சூட்டிலை வைச்சால் எல்லாம் முளைச்சுப் போமெல்லே?" எந்த வரைபடக்காரரும் கேட்காத கேள்வி. வடக்குச் சுவரோரம் ஒன்றேகால் மீற்றர் நீளத்துக்குக் குழாயில்லாத ஒரு மூலை விட்டோம்.

சாப்பாட்டறையின் பலகை நிலத்துக்கு வேறு வழி. மக்கிய நுனிகளை வெட்டி, நல்ல மரத்தைப் பக்கத்தில் சேர்த்துப் போல்ற் போட்டார்கள். தீராந்திகளுக்கு நடுவே வெப்பத்தடுப்பு, அதன்மேல் குழாய் பதிகிற அலுமினியத் தகடுகள், மேலே பலகை. மரம் சூட்டை மெதுவாகத்தான் விடும், 27 பாகைக்கு மேல் அதன் மேற்பரப்பு போகவும் கூடாது. சீமெந்தும் மரமும் ஒரே வேகத்தில் சூடேறாது என்பதால் இரண்டுக்கும் தனித்தனித் தேர்மோஸ்ராற்.

ஸ்கிரீட் போடுகிற நாளுக்கு முன்னால் குழாய்களுக்குள் தண்ணீரை நிரப்பி ஆறு பார் அழுத்தத்தில் விட்டார்கள். அந்த அழுத்தத்தோடேயே சீமெந்தை அதன்மேல் போடவேண்டும். ஏன் என்று நேரில் கண்டேன். காலையில் தள்ளுவண்டியின் இரும்புக் கால் குழாயொன்றில் உரசியது. யாரும் கவனிக்கவில்லை. மானியின் ஊசி ஆறிலிருந்து நாலரைக்கு இறங்கியிருந்ததை மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது தம்பிதான் கண்டார். இணைப்புப் போட்டு ஒட்டிவிடலாம் என்று குழாய்க்காரர் சொன்னார். தம்பி சம்மதிக்கவில்லை. நிலத்துக்குள் இணைப்பே இருக்கக்கூடாது என்று அந்த வளையம் முழுவதையும் உருவிப் புதிதாகப் போட வைத்தார். ஒரு நாள் வேலை பிந்தியது. நான் அன்று பின்னேரம் அளவுநாடாவை நிலத்தில் விரித்து வைத்து ஒவ்வொரு குழாயையும் படம் எடுத்தேன். பிறகு ஒருநாள் கதவுக்குத் தடுப்பு ஆணி அடிக்கிறவர் எங்கே துளைக்கலாம் என்று அந்தப் படம் சொல்லும்.

ஸ்கிரீட்டிலும் இரண்டு வகை. மணலும் சீமெந்தும் கலந்தது ஒன்று. ஜிப்சத்தால் ஆன, தண்ணீர் போல ஊற்றுகிறது மற்றது. ஊற்றுகிறது 50 மில்லிமீற்றரே போதும், குழாயைச் சுற்றி இடைவெளியில்லாமல் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் சூடேறும். ஆனால் மேலே படிகிற மெல்லிய படலத்தை உரசி எடுக்கவேண்டும், சீமெந்துப் பசை நேரடியாக ஒட்டாது, ஈரம் பட்டால் கெடும். குசினியில் தண்ணீர் சிந்தாத நாள் ஏது? மணல் சீமெந்தையே எடுத்தேன். எங்கள் புதிய அறையில் மட்டும் இரண்டு தொன்னுக்கு மேல் சீமெந்துப் படை. அவ்வளவு பாரமும் சூடேற இரண்டு மூன்று மணித்தியாலம் பிடிக்கும். ஆறவும் அவ்வளவு நேரம். ரேடியேற்றரைப் போலப் போட்டு நிறுத்தி விளையாடக்கூடாது. இரவில் இரண்டு பாகை இறக்கி, விடியப் பழைய இடத்துக்கு ஏற்றிவிட்டு, அதன் போக்கில் விடவேண்டும்.

போட்ட பிறகு காத்திருப்பு. அப்பா நிலம் போட்டால் நனைத்த சாக்குகளை விரித்து, காலையும் மாலையும் நாங்கள் தண்ணீர் தெளிப்போம். இங்கே முதல் ஒரு வாரம் பொலித்தீனால் மூடி வைத்தார்கள். அதே காரியம்தான்: சீமெந்து உடனே காயக்கூடாது. ஆனால் அதற்குப் பிறகு இங்கே ஈரம் முழுவதும் போகவேண்டும். முதல் 50 மில்லிமீற்றருக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர், அதற்கு மேல் இன்னும் மெதுவாக என்பது வழக்கமான கணக்கு. ஹீற்றிங்கைப் போட்டு அவசரமாகக் காய வைக்கலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். சீமெந்து ஸ்கிரீட்டுக்கு 21 நாள் கழியும் வரை அதைத் தொடக்கூடாது. அதன் பிறகும் 25 பாகைத் தண்ணீரில் மூன்று நாள், பிறகு படிப்படியாக. அவசரப்பட்டால் படை வளைந்து வெடிக்கும். மேலே ஒட்டிய ரைல்ஸும் சேர்ந்து வெடிக்கும். ரைல்ஸ்காரர் ஐந்தாவது வாரம் வந்து நின்றார். ஈரமானியை ஒட்டிப் பார்த்தால் 75 வீதத்துக்கு மேல் காட்டியது. திருப்பி அனுப்பினோம். மொத்தம் பதினொரு வாரம் நாங்கள் முன்னறையில் ஒரு மின்னடுப்பில் சமைத்தோம்.

மேலே பீங்கான் ரைல்ஸ். சூட்டை எளிதாக விடுவதற்குக் கல்லும் பீங்கானும்தான் நல்லவை. தடித்த கம்பளம் விரித்தால் சூட்டுக்குப் போர்வை போர்த்தியது போலாகும். நிலத்துக்கும் ரைல்ஸுக்கும் நடுவே, இரண்டும் தனித்தனியாக அசைய விடுகிற ஒரு மெல்லிய பாய் போட்டார்கள். பழைய குசினியும் புதிய அறையும் சேர்கிற கோட்டில், ரைல்ஸ் வரை ஒரு நெகிழ்வான இடுக்கு. ஒன்று மண்ணில் கிடக்கிறது, மற்றது அந்தரத்தில் நிற்கிறது. இரண்டும் ஒன்றாக அசையும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

கார்த்திகை முதல் வாரம் ஹீற்றிங்கைப் போட்டோம். விடிய அம்மா வந்து புதிய அறையின் நடுவில் நின்றார். காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"சூடே இல்லையே, பிள்ளை."

நான் பயந்துபோய் தேர்மோமீற்றரை நிலத்தில் பிடித்தேன். 25 பாகை. அறை 20. எல்லாம் கணக்குப்படிதான். நிலம் சுடவேண்டும் என்று இல்லை. மேற்பரப்பு 29க்கு மேல் போனால் காலுக்கே இதமில்லை என்று அளவு வைத்திருக்கிறார்கள். நன்றாகத் தடுப்புப் போட்ட அறைக்கு 25 தாராளம். சூட்டை நிலம் இழுக்காமல் இருந்தால், கால் எதையும் உணராது. அதை அம்மாவுக்குச் சொல்லப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார், சீனிப் போத்தலை எடுத்தார், திரும்பி வந்தார். நான் சொல்லி முடிக்கும்போது கால்மணித்தியாலமாக வெறுங்காலோடு குசினியில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்து வந்த தை மாதத்தில் ஒருநாள் வேலையால் வந்து பார்க்க, வெயில் விழுகிற கண்ணாடிக் கதவோரம் தலையணையைப் போட்டு ரைல்ஸில் படுத்திருந்தார். பாய் விரிக்கவில்லை.

மனிஃபோல்ட் பெட்டியின் கதவின் உட்பக்கத்தில் அந்தக் குழாய்ப் படங்களை ஒட்டியிருக்கிறேன், திகதி போட்டு. இலை உதிர்கிற காலம் வந்தால் சனிக்கிழமைகளில் விளக்குமாற்றோடு பின்பக்கம் போவேன். பின்வீட்டு ஓக் மரத்தின் இலைகள் வந்து புதிய சுவரின் எயார் பிரிக்குகளை அடைத்துக்கொள்ளும். குனிந்து ஒவ்வொன்றாகக் கூட்டி எடுத்துவிட்டு, துளைக்கு முன்னால் புறங்கையைப் பிடித்துப் பார்ப்பேன். குளிர்ந்த காற்று மெல்ல வரும்.